கேட்டில் கட்டிய துணி

போன வாரம் என் மகளின் பள்ளி டைரியில் வகுப்பாசிரியை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். ஆண்டு விழாவுக்கான பரிசுக் கூப்பன் விற்பனையில் என் மகள் ஆறாம் வகுப்பு மொத்தத்தையும் 'அவுட்செல்' செய்துவிட்டாள், வாழ்த்துகள் என்று. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அவுட்செல்னா என்னம்மா?" என்றாள்.

"யார் வாங்கினாங்க?" என்றேன்.

"அர்த்தம் கேட்டேம்மா."

"யார் வாங்கினாங்கன்னு சொல்லு முதல்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு சொன்னேன்: போட்டிக்கு விற்கிறவர்களைவிட அதிகமாக விற்பது. ஒரு கடை பக்கத்துக் கடையை, ஒரு சோப்பு இன்னொரு சோப்பை. நிறைய விற்றால் மட்டும் போதாது, பக்கத்தில் ஒருவர் குறைவாக விற்றிருக்க வேண்டும், அப்போதுதான் அந்தச் சொல்லைப் போடலாம். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே உறைத்தது. விற்றவர் இருக்கிறார், தோற்றவர் இருக்கிறார். வாங்கியவருக்கு அங்கே இடமே இல்லை.

என்னோடு இந்த டவுன்ஷிப்பில் வளர்ந்து, இப்போது எங்கெங்கோ இருந்துகொண்டு தலை நரைத்த புகைப்படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தீர்கள். மைக்கில் அந்தப் பெயரைக் கேட்டீர்கள். அது எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருடத்து மார்கழி. அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அந்தப் பனி இப்போது விழுவதில்லை. காலை ஒன்பது மணிக்கும் எதிர் வரிசை குவார்ட்டர்ஸ் தெரியாது. பனியும் கரிப்புகையும் கலந்து வாயில் ஒரு துவர்ப்பாக வந்து உட்காரும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைத் தொட்டால் விரலில் சாம்பல் ஒட்டும். தூரத்தில் மைன்ஸில் நிலக்கரி கொண்டுவரும் கன்வேயர் ஓடுகிற சத்தம் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கேட்கிறது என்பதே நமக்குத் தெரியாது, நின்றால்தான் திடுக்கிடுவோம்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு, ஒரே இடத்தில் கறுப்பு பெயிண்டில் எண். கதவின் மேல் தாழ்ப்பாள்கூட எல்லா வீட்டிலும் ஒரே உயரம். வெளியூரிலிருந்து வரும் மாமாக்கள் வேறு யார் வீட்டிலோ நுழைந்து செருப்பைக் கழற்றி, தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் விழிப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பாதி வீடுகளில் சமையலறை வலது கைப்பக்கம், பாதி வீடுகளில் இடது கைப்பக்கம். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று திரும்பி இருக்கும். எங்கள் வீடு வலது. எங்களுக்குப் பின் வீடு இடது.

கேட்டில் கட்டும் துணியையும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்ததும் அம்மா பழைய துண்டுத் துணி ஒன்றை கேட் கொண்டியில் கட்டிவிடுவார். நம் தெருக்களில் எல்லோரும் கட்டினார்கள். துணி தொங்குகிற வீட்டில் பால்காரர் மணி அடிக்கமாட்டார், கீரைக்கார அம்மா கூவமாட்டார், நாம் அந்த இடத்தை மட்டும் நுனிக்காலில் கடந்து அப்புறம் மறுபடி கத்திக்கொண்டு ஓடுவோம். தூங்குகிறவரை எழுப்புவது நம் ஊரில் பெரிய பாவம். அதைவிடப் பெரிய பாவம் எதையும் எனக்கு அந்த வயதில் யாரும் சொல்லித் தரவில்லை.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் கண்காட்சி. அதற்குக் கூப்பன் புத்தகங்கள். வாங்குபவர் பெயரை அடிக்கட்டையில் எழுதி, கூப்பனைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அடிக்கட்டைகள் ஒரு பெரிய டிரம்மில் போகும், குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்குப் பரிசு. அதிகம் விற்ற பிள்ளைக்குக் கைக்கடிகாரம். டீச்சர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டினார். சின்னது, வெள்ளை முகம், பழுப்புத் தோல் வார். அதுவரை என் நேரமெல்லாம் ஷிப்ட் சங்குதான். சங்கு ஊதினால் எழுந்திரு, சங்கு ஊதினால் வீட்டுக்கு வா. சொந்தமாக ஒரு நேரம் கையில் இருப்பதை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

லீவு நாட்களிலும் காலையில் பள்ளிக்குப் போய் விற்றதை ஒப்படைக்கலாம். டீச்சர் கரும்பலகையில் பெயர்களை எழுதி, எதிரே எண்களை மாற்றிக்கொண்டே வருவார். அவர் அடிக்கட்டைகளைச் சீட்டுக்கட்டுபோல் ஓரத்தை விரலால் தட்டி எண்ணுவார். எண்ணுவார், படிக்கமாட்டார்.

முதல் நாலு நாள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கணக்கு. ஐந்தாம் நாள் பின் வீட்டுப் பெண் ஒரே நாளில் ஒரு முழுப் புத்தகம் விற்றுவிட்டு வந்தாள். அடுத்த நாள் இன்னொன்று. அவள் அப்பா கம்பெனி பஸ் ஓட்டியவர். அவள் நெடுநெடுவென்று இருப்பாள், பேச்சு குறைவு, கடைசி பெஞ்ச். நான் வகுப்பிலேயே குட்டை, மூன்றாம் வகுப்பு என்று சொன்னால் நம்புவார்கள்.

அம்மா பின்பக்கம் துணி காயப்போடும்போது பின் வீட்டு அம்மாவிடமிருந்து சேதியைத் தெரிந்துகொண்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு வாயத் தொறந்து நான் பார்த்ததில்ல. அதுவே புத்தகம் புத்தகமா வித்துட்டு வருது. உனக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"எல்லார் வீட்டுலயும் ஏற்கெனவே வாங்கிட்டாங்கம்மா."

"அவளுக்கு மட்டும் ஆகாசத்துலேர்ந்து வீடு இறங்குதா?"

எத்தனை என்று கேட்டார், எவ்வளவு பாக்கி என்று கேட்டார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் டவுன்ஷிப்புக்குள் பிள்ளைகள் எங்கே போனாலும் ஊருக்குள்தான்.

பின் வீட்டுப் பெண்ணிடம் ஒரு மாற்றம் எனக்கு மட்டும் தெரிந்தது. காலையில் ஒற்றைச் சடையோடு கிளம்புகிறவள் திரும்பி வரும்போது ரெட்டைச் சடை, மடித்து வைத்துக் கட்டிய சிவப்பு ரிப்பன். கழுத்தில் பவுடர். கிட்டே போனால் அந்துருண்டை வாசனை. மத்தியானம் சாப்பிட அவள் அம்மா கூப்பிட்டால், "பசிக்கல" என்பாள்.

"யார்டி சடை போட்டது?" என்று கேட்டேன்.

"நானே போட்டுக்கினேன்."

அவளால் அப்படி நேர் வகிடு எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஒரு காலை பனியில் அவள் பின்னால் போனேன். நம் பக்கத்து பிளாக்குகளைத் தாண்டி, ஆஸ்பத்திரி ரோட்டைத் தாண்டி, டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்குக்குப் போனாள். அதற்கப்புறம் முந்திரிப் புதர், அதற்கப்புறம் மைன்ஸிலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடு. பனியில் மேடு தெரியவில்லை, அந்தப் பக்கம் ஏதோ பெரியது உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு வீடு. கேட்டில் துணி கட்டியிருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்து நிறமே போன துணி. அந்த வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லை.

அவள் கேட்டைத் திறக்கவில்லை. வேலி ஓரமாகச் சுற்றிப் பின்பக்கம் போய் மறைந்தாள்.

நான் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு ஜன்னல் திரையின் இடுக்கில் கண்ணை வைத்தேன். உள்ளே அந்த மங்கலில் பின் வீட்டுப் பெண் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளிர்பச்சையில் லேஸ் வைத்த ஃபிராக். அவளுக்கு அது மிகவும் சின்னது, முதுகில் கொக்கிகள் மாட்டவே இல்லை, தோள் எலும்புகள் பிதுங்கித் தெரிந்தன. முன்னால் மூன்றாம் வகுப்புக் கையெழுத்துப் பயிற்சி நோட்டு. அதில் எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு அம்மாள் நின்று அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சீப்பு முடியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வாரிக்கொண்டே சொன்னார்: "ஜன்னல்கிட்ட குளிரும். அந்தப் பாப்பாவையும் உள்ள வரச் சொல்லு."

ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சு வாங்கியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், இத்தனை வருடம் கழித்து உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது என் மனதில் இருந்தது பயம் மட்டும் இல்லை. அந்த ஃபிராக் எனக்குச் சரியாக இருக்கும் என்ற நினைப்பும் இருந்தது.

மறுநாள் அவளுக்கு முன்னாலேயே போனேன். பின்கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் திறந்தார். எங்கள் அம்மா வயதுதான் இருக்கும். முகம் கழுவி, பொட்டு வைத்து, சுத்தமாக இருந்தார். பேய் மாதிரி எதுவுமே இல்லை.

"கூப்பன் ஆன்ட்டி," என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்தார். ஃபிராக்கை எடுத்து வந்து போட்டுவிட்டார். முதுகில் கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் கொக்கி விழுந்ததும் அவர் மூச்சு என் பிடரியில் பட்டது.

"அந்தப் பொண்ணுக்கு இறுக்குச்சு. உனக்கு சரியா இருக்கு."

அப்படித்தான் நான் பின் வீட்டுப் பெண்ணை விற்பனையில் வென்றேன். வாய்ச் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

நாலு நாள் போனேன். தலை வாரிவிடுவார், ரிப்பன் கட்டுவார், நெய் விட்டுப் பருப்புச் சாதம் ஊட்டுவார். நோட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்வார். முன்பக்கங்களில் வேறொரு கையெழுத்து. பாதியில் நின்ற இடத்திலிருந்து பின் வீட்டுப் பெண்ணின் கையெழுத்து. அதற்கப்புறம் என்னுடையது. எழுதி முடித்ததும் கூப்பன் புத்தகத்தை அவரே வாங்கி, அடிக்கட்டைகளில் அழகான எழுத்தில் பெயரை நிரப்புவார். எல்லாவற்றிலும் ஒரே பெயர். அந்த வீட்டுக்காரர் ஜெனரல் ஷிப்ட், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார் என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. அப்படியென்றால் கேட்டில் துணி யாருக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் பின் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, "பாப்பா தூங்குது, சத்தம் போடாத," என்று சொல்லி மூடிவிட்டார். நான் உள்ளே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள்.

"அது என் வூடு. நான் கண்டுபிடிச்சது."

"உன் பேரு எழுதி ஒட்டியிருக்கா?"

"உனக்கு வாட்ச்சுதானே வேணும்? எடுத்துக்க. ஆனா அங்க போய்க்கினே இருக்காத. என்னைய ஒரு நாளு படுத்துத் தூங்கச் சொன்னாங்க. நானு பின்கதவால ஓடியாந்துட்டேன்."

"பொறாமை உனக்கு."

"ஆமாண்டி, பொறாமைதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலாம் நாள், கூப்பன்களை ஒப்படைக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள். சாப்பாடு முடிந்ததும் சொன்னேன்: "நாளைக்குக் குடுத்துடணும் ஆன்ட்டி. இனிமே வரமாட்டேன்."

அவர் கை துடைத்துக்கொண்டிருந்தார். "எங்க போவ?"

"எங்க வீட்டுக்கு."

"இதானே வீடு," என்றார். கோபமே இல்லை. என்னைக் கையைப் பிடித்து உள்அறைக்கு அழைத்துப் போய்ச் சின்னக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தினார். தலையணையில் ஏற்கெனவே ஒரு தலை அளவுக்குப் பள்ளம் இருந்தது. அதில் என் தலை போய் உட்கார்ந்தது. "தூங்கு. யாரும் எழுப்பமாட்டாங்க. துணி கட்டியிருக்கேன்."

அவர் கூடத்துக்குப் போய் முன்கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தத் தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. எந்த வீட்டிலும் எட்டாது. பிறகு கதவோரம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது. கன்வேயர் சத்தம் திடீரென்று நின்றது. அந்த அமைதியில் இருக்க முடியாமல் எழுந்தேன். பின்கதவால் ஓடிவிடலாம் என்று நினைத்தேன். இருட்டில்கூட எனக்கு வழி தெரியும், இதே வீட்டில்தானே நான் பிறந்ததிலிருந்து நடக்கிறேன். அறையை விட்டு வந்து வலது பக்கம் திரும்பினால் சமையலறை, அதைத் தாண்டிப் பின்கதவு. வெறுங்காலில் வந்து, வலது பக்கம் திரும்பி, கையை நீட்டினேன்.

கதவு இல்லை. சுவரில் ஒரு மாடம். மாடத்தில் அணைந்த அகல், காய்ந்த பூ, ஒரு புகைப்படம். வெளிர்பச்சையில் லேஸ் வைத்த ஃபிராக் போட்டு, ரெட்டைச் சடை மடித்துக் கட்டி, ஒரு சிறுமி. புகைப்படத்தின் நெற்றியில் குங்குமம். அவள் போட்டிருந்ததைத்தான் நான் போட்டிருந்தேன்.

அது இடது கை வீடு. நாலு நாளும் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனதில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பின் வீட்டுப் பெண்ணின் வீட்டைப் போன்றது. அவளுக்கு அங்கே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காலுக்கே தெரியும். அவளால் ஓட முடிந்தது. என் கால் நகரவில்லை.

அப்போதுதான் வெளியிலிருந்து குரல்.

"கோலமாவே... கோலமாவு வாங்கலியாம்மா..."

தினமும் திருவதிகைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து தெருத்தெருவாகக் கோலமாவு விற்கும் அம்மாள். குரல் நின்றது, கேட் கிரீச்சிட்டது, கதவில் தட்டல்.

"அம்மா! வூட்ல யாரும்மா?"

நாற்காலி நகரவில்லை.

"உள்ள ஆளு கீறது தெரியுதே. வருசமா இந்த கேட்ல துணி தொங்கிக்கினே இருந்துச்சு, எழுப்பக்கூடாதுன்னு நானும் போய்க்கினே இருந்தேன். இன்னிக்குதான் காணும். ஒரு படி வாங்கும்மா, மார்கழியில வாசலு மூளியா கெடக்குது!"

தட்டல் நிற்கவில்லை. கடைசியில் தாழ்ப்பாள் இறங்கியது. வெளிச்சம் கூடத்துக்குள் ஒரு பாய் விரித்ததுபோல் விழுந்தது.

"சத்தம் போடாதீங்க," என்றார் அந்த அம்மாள். "பாப்பா தூங்குது."

கோலமாவு அம்மாள் கூடையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்கம்மா தூங்குது? தோ முழிச்சிக்கினு நிக்குதே, பேயறஞ்ச மாதிரி."

அந்த அம்மாள் திரும்பினார். வெளிச்சம் என் மேல் முழுசாக விழுந்திருந்தது. நாலு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?" என்றார்.

பிளாக் பேரையும் வீட்டு எண்ணையும் சொன்னேன். அவர் மண்டியிட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, என் சொந்த உடுப்பைப் போட்டுவிட்டார். நான் ஓடினேன். கேட் கொண்டியில் துணி இல்லை. எதிரே வேலியோரம் பின் வீட்டுப் பெண் நின்றிருந்தாள். அவள் கையில் அந்த வெளுத்த துணி சுருட்டி இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்கு நடந்தோம்.

மறுநாள் கூப்பன்களைக் கொடுத்தேன். கரும்பலகையில் என் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது.

கண்காட்சி அன்று மேடையில் தலைமையாசிரியை என் கையில் கடிகாரத்தைக் கட்டியதும் நீங்கள் கைதட்டினீர்கள். அடுத்து குலுக்கல். ஒரு சின்னப் பையனைத் தூக்கி டிரம்மில் கையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முதல் பரிசு பிரஷர் குக்கர். தலைமையாசிரியை சீட்டைப் பிரித்து மைக்கில் பெயரைப் படித்தார். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். மூன்று முறை கூப்பிட்டார். மைதானம் முழுக்க அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் போய்ச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை. கடைசி பிளாக் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருவர் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, வேற சீட்டு எடுப்பா," என்றார் தலைமையாசிரியை.

எடுத்தான். பிரித்தார். படிக்க வாயைத் திறந்தவர் நிறுத்தினார். மைக் திறந்தே இருந்தது. அவர் உதட்டுக்குள் சொன்ன பெயர் எல்லோருக்கும் கேட்டது. அதே பெயர்.

இன்று யோசித்தால் அதில் மாயம் ஒன்றும் இல்லை. டிரம்மில் அந்தப் பெயர்தான் அதிகம் இருந்தது. இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு நிரப்பியிருந்தோம். ஆனால் அன்று அந்த மைதானத்தில் கடலை விற்கிறவர்கூடக் கரண்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். முந்தின வருட மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோன பிள்ளையின் பெயர் அது என்று காற்றோடு ஒவ்வொரு வரிசையாகப் பரவியது.

அப்போது பின் வீட்டுப் பெண் எழுந்து மேடைக்குப் போனாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் சொன்னதும் கேட்டது. "அந்த வூடு எனக்குத் தெரியும் மிஸ். நானு கொண்டுபோய்க் குடுத்துடறேன்." குக்கர் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தன்னந்தனியாக மைதானத்தைக் கடந்து கேட் வழியே போனாள். எங்கள் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்து, "நீ எங்க போற? நில்லு," என்றார். நான் அசையவே இல்லை.

அன்று இரவு எனக்கு விபூதி போட்டு, கறுப்புக் கயிறு கட்டினார்கள். கடிகாரத்தை அம்மா கழற்றி பீரோவில் வைத்தார். வீடு மாறிய ஏதோ ஒரு வருடத்தில் அது காணாமல் போனது. நான் அதை ஒரு நாளும் கட்டவில்லை. டீச்சர், அம்மா, அப்பா, தெருவில் எல்லோரும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மாதக்கணக்கில் பேசினார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போது பிள்ளைகளைச் சாலையின் மறுபக்கம் நடக்கச் சொன்னார்கள். நீ அங்கே போனாயா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வருடமாக அந்தத் தாய் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார் என்று அதற்கு முன்பும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. மரியாதைதான். தூங்குகிறவரை எழுப்பக்கூடாதே.

கோடைக்கு முன்னால் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதுவரை பின் வீட்டுப் பெண் அங்கே போய்க்கொண்டிருந்தாள். ஒரு முறை வேலியோரம் அவளாகவே சொன்னாள்: "இப்ப வாசப்படியிலதான் ஒக்காந்து வாரி வுடறாங்க. அந்த கவுன மடிச்சுப் பொட்டியில வெச்சிட்டாங்க." அவள் அப்பா ஓய்வு பெற்றதும் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் போனார்கள். நம் குழுவில் அவள் இல்லை. யாருக்காவது அவளைத் தெரிந்தால் ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள். அந்தத் துணியை அவள் என் மேல் இருந்த கோபத்தில் அவிழ்த்தாளா, எனக்காக அவிழ்த்தாளா? எதுவானாலும் நான் நன்றி சொல்லவில்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன்.

"யார் வாங்கினாங்க?" என்று மூன்றாவது முறை கேட்டதும் மகள் சொன்னாள்: "ஒரு ஆன்ட்டிம்மா. ரொம்ப நல்லவங்க. நாலு புத்தகமும் அவங்களேதான்."

"எந்த வீடு?"

"ஆஸ்பத்திரி ரோடு தாண்டி. கேட்ல போர்டு தொங்குமே, 'நைட் ஷிப்ட், பெல் அடிக்காதீர்கள்'னு, அந்த வீடு."

"போர்டு இருக்கிற வீட்டுல ஏன் பெல் அடிச்ச?"

"நான் அடிக்கலம்மா. ஜன்னல்லேர்ந்து அவங்கதான் கூப்பிட்டாங்க."

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். காலையில் ஒற்றைக் குதிரைவால் போட்டு அனுப்பியிருந்தேன். நேர் வகிடு எடுத்து, ரெட்டைச் சடை.

மைன்ஸில் இருந்த கணவருக்குப் போன் செய்தேன். "கற்பனை பண்ணாத. தூங்குறவங்கள போய் எழுப்பிக்கிட்டு நிக்காத," என்றார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்கால வெளிச்சத்திலேயே நடந்தேன். கேட்டில் பிளாஸ்டிக் போர்டு. வாசல் சுத்தமாக இருந்தது. திரை மூடியிருந்தது. பெல் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பதை நெருங்கும் வயதிலும் அது பாவம் என்று கை சொன்னது. ஒருவர் தூக்கம் கெட்டால் கெடட்டும் என்று அழுத்தினேன்.

உள்ளே மேல் தாழ்ப்பாள் இறங்கும் சத்தம். என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் கதவைத் திறந்தார். அவர் கண் முதலில் என் மகளிடம் போனது, கை அவள் சடையிடம். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ அம்மா நான்," என்றேன்.

அவர் முகம் மாறியது. கிசுகிசுத்த குரலில் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பையன் தொடர்ந்து நைட் ஷிப்ட். பகல்ல டிவி போடக்கூடாது, போன்ல பேசக்கூடாது, மிக்ஸி ஓட்டக்கூடாது. அவரு போனதுலேர்ந்து பேச ஆளு இல்ல. இந்தப் போர்டப் பார்த்துட்டு யாரும் வர்றதும் இல்ல. இவ வந்தா, பத்து நிமிஷம் பேசிட்டு இருந்தா. அவ்ளோதான்."

உள்அறையிலிருந்து ஓர் ஆண் குரல், தூக்கக் கலக்கத்தில்: "யாரும்மா?"

"விருந்தாளிடா," என்றார் அவர், கொஞ்சம் சத்தமாகவே.

உண்மையாகத்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உண்மைதான். அந்த ஒன்றுக்காகத்தான் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறேன்.

"இவ இனிமே தனியா வரமாட்டா," என்றேன். "நானும் கூட வருவேன்."

அவர் தலையாட்டினார். கதவை முழுசாகத் திறந்து வழிவிட்டார். மகள் செருப்பைக் கழற்றிப் பழகிய வீட்டில் நுழைவதுபோல் முன்னால் ஓடினாள். நான் வாசற்படியில் நின்று, சமையலறை எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தேன்.